ஸ்பின்-அப்: சுழல்முடுக்கமா, சுழலேற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கருந்துளைக் கட்டுரைகளில் வரும் 'ஸ்பின்-அப்' (விழும் வாயுவால் கருந்துளையின் சுழற்சி கூடுவது) என்பதைச் 'சுழல்முடுக்கம்' என்று எழுதுவது சரியில்லை. முடுக்கம் என்றதும் மாணவருக்குக் கோண முடுக்கம்தான் நினைவுக்கு வரும். இங்கே வாயு வெளியிலிருந்து கோண உந்தத்தை (சுழற்சியில் உள்ள உந்தத்தை)ச் சுமந்து வந்து உள்ளே கொட்டுகிறது. மின்னேற்றம் மாதிரி 'சுழலேற்றம்' எனலாமா? 'சுழலிறக்கம்' எதிர்ச்சொல்லாகத் தானே கிடைத்துவிடும்.

---

> கோண உந்தத்தைச் சுமந்து வந்து உள்ளே கொட்டுகிறது

கூடவே நிறையையும் கொட்டுகிறதே! சொல் நன்று, ஆனால் ஏறுவது எது என்று வரையறையில் கட்டிவிட வேண்டும். நாம் அளப்பது அலகில்லாத சுழல் எண். கோண உந்தம் தொகுதியில், நிறையின் வர்க்கம் பகுதியில். மதிப்பு 0 முதல் 1 வரை. கோண உந்தம் கூடியும் இந்த எண் இறங்கலாம்.

வாயு எந்தத் திசையில் சுற்றி வருகிறது என்பதும் முக்கியம். சுழலாத கருந்துளையில் கடைசி நிலையான வட்டப்பாதை (இதைத் தாண்டினால் வாயு உள்ளே விழுந்துவிடும்) 6 ஈர்ப்பு ஆரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு ஆரம் என்பது சுழலாத கருந்துளையின் ஆரத்தில் பாதி. சுழல் எண் 1 ஆனால், உடன்சுற்றும் வாயுவுக்கு அது 1 ஆரம், எதிர்சுற்றும் வாயுவுக்கு 9. அவ்வளவு தொலைவிலிருந்தே விழுவதால் எதிர்சுற்று வாயு கொண்டுவரும் கோண உந்தம், நிறைக்கு நிறை பார்த்தால், உடன்சுற்று வாயுவினதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம். சிறு சிறு கவளமாகக் கண்ட திசையிலிருந்தும் விழுந்தால் சுழல் எண் தாழ்ந்தே கிடக்கும்.

ஒரே திசையில் விடாமல் தின்றால்? சுழலாத கருந்துளை 1-ஐத் தொட நிறை 2.45 மடங்காக வேண்டும் என்று இயற்பியலாளர் பார்டீன் 1970-இல் காட்டினார். கருந்துளையைச் சுற்றி வாயு திரண்ட வட்டு உமிழும் ஒளியில் சுழற்சிக்கு எதிராக வருவதைக் கருந்துளை கூடுதலாக விழுங்குவதால் 0.998-இல் நின்றுவிடும் என்றார் இயற்பியலாளர் தோர்ன், 1974-இல்.

---

வரையறை சரி. ஆனால் இந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடாதீர்கள். சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை சுமார் 21 சூரிய நிறை. வட்டின் எக்ஸ்-கதிர் நிறமாலையிலிருந்து சுழல் எண் 0.95-க்கு மேல் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் துணை விண்மீன் சில மில்லியன் ஆண்டுகளே வாழும் இனம். எடிங்டன் வரம்புக்குள் (ஒளியின் அழுத்தம் வாயுவைத் தள்ளிவிடாத வேகத்துக்குள்) தின்று நிறையை இரட்டிப்பாக்கவே பத்து மில்லியன் கணக்கில் ஆண்டுகள் வேண்டும். ஆகவே சுழற்சி, விண்மீனின் கருவகம் சரிந்தபோதே வந்திருக்க வேண்டும். இதற்குப் 'பிறவிச் சுழற்சி'.

இணைவு இன்னொரு வழி. சுழலாத, சம நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சேர்ந்தாலே சுற்றுப்பாதையின் கோண உந்தம் தங்கி 0.69 வந்துவிடும். 2015-இல் லைகோ ஈர்ப்பலை ஆய்வகம் பிடித்த முதல் இணைவில் விளைந்ததும் ஏறக்குறைய 0.67. இதைச் 'சுழலேற்றம்' என்றால் எதில் ஏறியது என்ற கேள்வி வரும். 'இணைவுச் சுழற்சி' போதும்.

பதிவுக்கு: சுழலேற்றம் – திரள் வட்டிலிருந்து பொருள் விழுவதால் கருந்துளையின் சுழல் எண் உயர்தல். நியூட்ரான் விண்மீனுக்கும் ஸ்பின்-அப் உண்டு. அங்கே குறைவது சுழற்சிக் காலம், எனவே அதைச் சொற்பட்டியலில் தனி உள்ளீடாகப் போடுங்கள்.