ஜெர்மன் சிஎஸ்வியை எக்செலில் திறந்தால் தொகை உதைக்கிறது

கோவை_கணக்கர்:
வணக்கம். ஜெர்மன் சப்ளையரிடமிருந்து மாதாமாதம் சிஎஸ்வி (குறியால் பத்தி பிரித்த டெக்ஸ்ட் கோப்பு) வருகிறது. ஒரு வரி இப்படி இருக்கும்: 4711;ஷ்ராவ்பே;1.234,56 (தொகை நம் முறையில் 1,234.56). நம் விண்டோஸ் ரீஜன் இங்கிலீஷ் (இந்தியா). டபுள் கிளிக் செய்து திறந்து, டெக்ஸ்ட் டு காலம்ஸில் செமிகோலன் வைத்துப் பிரிக்கிறேன். சில தொகை சரி, சிலது 1.234 என்று நிற்கிறது. ரீஜனை ஜெர்மனிக்கு மாற்றினால் சரியாகிறது, ஆனால் அப்புறம் ஃபார்முலாவில் கமா போட்டால் எக்செல் ஏற்க மாட்டேன் என்கிறது. வேறு வழி உண்டா?

செல்_எலி:
கோளாறு நீங்கள் பிரிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இந்திய செட்டிங்கில் லிஸ்ட் செபரேட்டர் கமா. அதனால் டபுள் கிளிக்கில் எக்செல் கமாவில்தான் வெட்டும்: ஏ-வில் "4711;ஷ்ராவ்பே;1.234", பி-யில் 56. பிறகு செமிகோலனில் பிரிக்கும்போது "ஏற்கெனவே டேட்டா இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்கும். ஓகே கொடுத்தீர்களோ, அந்த 56 போயே போச்சு. ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஒன்றேகால் ஆகிவிடும். 850,00 மட்டும் 850 ஆகவே நிற்பதால் பார்வைக்குத் தப்பு தெரியாது. 99,90 கூட 99 ஆகியிருக்கும், கவனியுங்கள்.

கோப்பைத் திறக்காதீர்கள், உள்ளே இழுங்கள். காலி ஒர்க்புக்கில் டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி. ஃபைல் ஒரிஜின் 65001 யூடிஎஃப்-8 (ஜெர்மன் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால் 1252), டிலிமிட்டர் செமிகோலன். லோட் கொடுக்காமல் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா; பவர் குவெரி ஜன்னல் திறக்கும். வலப்பக்கம் தானாகச் சேர்ந்திருக்கும் "சேஞ்ச்டு டைப்" ஸ்டெப்பை நீக்குங்கள். தொகைத் தலைப்பில் ரைட் கிளிக் → சேஞ்ச் டைப் → யூசிங் லொக்கேல் (எந்த நாட்டு எழுத்துமுறை என்று சொல்வது) → டெசிமல் நம்பர், ஜெர்மன் (ஜெர்மனி). பிறகு குளோஸ் அண்ட் லோட்.

தலைப்பில் உள்ள ஏபிசி ஐகானைத் தட்டி நேரே டெசிமல் கொடுத்துவிடாதீர்கள். இந்திய லொக்கேலில் கமா ஆயிரம் பிரிக்கும் குறி மட்டுமே. 850,00 என்பது 85000 ஆகும், 1.234,56 எரர் காட்டும். எரராவது கண்ணில் படும், 85000 படாது.

பைவட்_பிரியன்:
மேலே சொன்னதுதான் முறை. மின்னஞ்சலில் இருந்து ஒட்டியது, "1.234,56" என்று டெக்ஸ்டாக செல்லில் கிடக்கிறது என்றால் மட்டும்:

=நம்பர்வேல்யூ(சி2, ",", ".")

இரண்டாவது வாதம் தசமக் குறி, மூன்றாவது ஆயிரக் குறி. எக்செல் 2013 முதல் உண்டு. டெக்ஸ்ட் டு காலம்ஸ் மூன்றாம் படியில் அட்வான்ஸ்டு பட்டனிலும் இதே இரு குறிகளையும் கொடுக்கலாம். 125,00- என்று மைனஸ் கடைசியில் வந்தால் அங்கேயே அதற்கு ஒரு டிக் இருக்கிறது.

எக்செல் ஏற்கெனவே நம்பராக்கிவிட்ட செல்லுக்கு இந்த மருந்து எதுவும் பலிக்காது. 3.500 வெறும் 3.5 ஆகிவிட்டால், மூலக் கோப்பில்தான் விடை.

ஃபைல் → ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டில் "யூஸ் சிஸ்டம் செபரேட்டர்ஸ்" டிக்கை எடுக்கச் சொல்வார்கள். அது அந்த ஒரு கோப்புக்கு அல்ல, எக்செல் முழுவதற்கும். ரீஜனை மாற்றுவது அதைவிட மோசம்: அந்தக் கணினியில் சேமிக்கும் சிஎஸ்வி எல்லாம் செமிகோலனோடு போய் அடுத்த மென்பொருளில் இடிக்கும்.

கோவை_கணக்கர்:
பவர் குவெரியில் மொத்தம் பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது, நன்றி. அடுத்த மாதக் கோப்புக்கு முதலிலிருந்து செய்ய வேண்டுமா? 03.04.2024 மாதிரி தேதியும் இருக்கிறது.

செல்_எலி:
வேண்டாம். புதிய கோப்பை அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்து ரிஃப்ரெஷ் ஆல். தேதிக்கும் யூசிங் லொக்கேல், டைப் மட்டும் டேட். ஜெர்மன் கோப்பில் அது ஏப்ரல் 3. அமெரிக்க சப்ளையரின் 03/04/2024-க்கு இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்) கொடுங்கள், அது மார்ச் 4. நாள் 12-ஐத் தாண்டாதவரை எக்செல் முனகாமல் மாற்றிப் போட்டுவிடும்.

திறமூலன்:
அவசரத்துக்கு லிப்ரே ஆஃபீஸ் கால்க் (எக்செல் போன்ற இலவச மென்பொருள்). சிஎஸ்வி திறக்கும்போதே வரும் பெட்டியில் லாங்குவேஜ் ஜெர்மன் (ஜெர்மனி), செபரேட்டரில் செமிகோலன் மட்டும் டிக். கமா டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயும் அதே வெட்டுதான்.