‘அன்ஸ்ப்ரங் மாஸ்’: ‘வில்லேறா நிறை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார்களின் எடை பற்றிய கட்டுரைக்காக ‘அன்ஸ்ப்ரங் மாஸ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். தொங்கா எடை, சுழல் எடை, சுருள்வில் தாங்கா எடை என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் யோசித்துச் சொன்னவைதான். ஆனாலும் என் பரிந்துரை ‘வில்லேறா நிறை’. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் உயிர்நாடியே இந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருள். காரின் உடல், இன்ஜின், இருக்கை, ஓட்டுநர் எல்லாம் சஸ்பென்ஷனில் உள்ள விற்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. டயர், ரிம், ஹப் (சக்கரத்தின் மையப் பாகம்), பேரிங், பிரேக் தட்டு, காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஆகியவை விற்களுக்குக் கீழே, சாலையோடு ஒட்டி நிற்கின்றன. இந்தக் கீழ்ப்பகுதியின் நிறைதான் ‘அன்ஸ்ப்ரங் மாஸ்’. சாலையில் ஒரு மேடு வந்தால் கீழே இருப்பது உடனே எகிறும், மேலே இருப்பது மெதுவாகத்தான் அசையும். சாதாரணமாக உடல் நொடிக்கு ஒன்றிரண்டு முறை ஆடும். சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும்.

இதில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வந்தது? வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு சின்ன மேட்டில் சக்கரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டைத் தாண்டியதும் வில் அதைத் திரும்பச் சாலையில் அழுத்த வேண்டும். வில்லின் விசை அதேதான். சக்கரத் தொகுதி கனமாக இருந்தால் திரும்பி வரக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் டயர் சாலையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், சில சமயம் தொடாமலேகூட இருக்கும். பிடிமானம் அங்கேதான் போகிறது. இன்ஜினில் இன்னும் 50 குதிரைத்திறன் கூட்டினாலும் அது திரும்பி வராது.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘தொங்கா எடை’ எளிதாக இருக்கிறது, சஸ்பென்ஷன் என்பதற்கும் ஒத்துப்போகிறது.

எளிது என்பது உண்மை. ஆனால் காரை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் கீழே இறங்கித் தொங்கும். எதைத் தொங்காதது என்கிறோமோ, அதுதான் தொங்கிக்கொண்டிருக்கும்! உடலோ எங்கேயும் தொங்குவதில்லை. வில்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழைய குதிரை வண்டிகளில் உடலை வார்களால் தொங்கவிட்டார்கள். ‘சஸ்பென்ஷன்’ என்ற பெயர் அந்தக் காலத்தில் பொருந்தியது. அந்தப் படத்தை நாம் தமிழுக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

> சக்கரமும் பிரேக் தட்டும் சுழல்பவைதானே, ‘சுழல் எடை’ போதாதா?

போதாது ஐயா. இங்கே இரண்டு வேறு கருத்துகள் கலந்துவிடுகின்றன. காலிப்பர் சுழல்வதில்லை, ஆனாலும் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும். இன்ஜினின் ஃபிளைவீல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும், ஆனால் அது வில்லுக்கு மேலே இருக்கிறது. டயரும் ரிம்மும் பிரேக் தட்டும் மட்டும் இரண்டு கணக்கிலும் வரும். அதனால்தான் அவற்றைக் குறைத்தால் இரட்டை லாபம். டயரின் வெளி விளிம்பில் இருக்கும் 1 கிலோவை முடுக்க, உடலில் இருக்கும் 2 கிலோவை முடுக்குவதற்குத் தேவைப்படும் அளவு ஆற்றல் தேவை. நேராக நகர்த்துவதற்கு ஒரு பங்கு, சுழற்றுவதற்கு இன்னொரு பங்கு. எனவே ‘சுழல் நிறை’ என்ற சொல்லும் நமக்கு வேண்டும், ஆனால் அதன் சொந்தப் பொருளுக்காக. அதை இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

‘சுருள்வில் தாங்கா எடை’ பொருளில் மிக நெருங்கி வருகிறது. இரண்டே குறைகள். எல்லாக் கார்களிலும் சுருள்வில் கிடையாது. அடுக்குப் பட்டைகள், முறுக்குத் தண்டு, காற்றுப்பை என்று பல வகை உண்டு. ‘வில்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லாம் அடங்கும். அப்புறம் நீளம். ஒரு பத்தியில் ஐந்து முறை வரப்போகிற சொல் இது.

நான் முதலில் ‘வில்கீழ் நிறை’ என்று யோசித்தேன். புணர்ச்சி விதிப்படி அது ‘விற்கீழ்’ ஆகிவிடும், படிப்பவர் கண்ணுக்கு ‘விற்க’ என்றுதான் முதலில் படும். ‘வில்லடி நிறை’ என்றால் யாரோ வில்லால் அடித்ததுபோல் கேட்கிறது. ‘வில்லேறா’ என்பதில் இந்தத் தொல்லை இல்லை. வாடா மலர், அழியாப் புகழ் மாதிரி நமக்குப் பழகிய எதிர்மறைப் பெயரெச்சம்தான். எதிர்ச்சொல்லாக ‘வில்லேறு நிறை’ என்றும் சொல்லலாம், ஆனால் ஓர் எழுத்து வேறுபாட்டில் பொருள் தலைகீழாவது ஆபத்து. ‘வில்லேறிய நிறை’ என்றே எழுதலாம்.

‘எடை’யா ‘நிறை’யா என்ற கேள்வியும் வந்தது. பள்ளிப் பாடநூல்களில் இரண்டும் வேறு வேறு: நிறை பொருளின் அளவு, எடை அதைப் புவி இழுக்கும் விசை. இங்கே நாம் பேசுவது சக்கரம் அசைய மறுக்கும் நிலைமத்தைப் பற்றி, ஆகவே நிறைதான் சரி. ஆனால் ‘காரின் எடை 1,400 கிலோ’, ‘திறன்-எடை விகிதம்’ போன்ற இடங்களில் எடை வேரூன்றிவிட்டது. அவற்றைத் திருத்தப் போனால் வாசகரை இழப்போம்.

சரி, எல்லைக் கோட்டில் நிற்கும் பாகங்கள்? சஸ்பென்ஷன் கைகள், டேம்பர் (வில்லின் ஆட்டத்தை அடக்கும் பாகம்), சக்கரத்துக்குத் திறனைக் கொண்டுபோகும் தண்டு, ஏன், வில்லேகூட ஒரு முனையில் உடலோடும் மறுமுனையில் சக்கரத்தோடும் இணைந்திருக்கிறது. தோராயக் கணக்கில் இவற்றின் பாதியை வில்லேறா நிறையில் சேர்ப்பார்கள். ‘வில்லில் பாதி வில்லேறா நிறை’ என்று எழுதும்போது சற்று உறுத்தும்தான். அதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் போதும் என்பது என் கருத்து.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில உண்மையான எடுத்துக்காட்டுகளில் பொருத்திப் பார்த்தேன்.

1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பில் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்துக்குள் இல்லை. நடுவில் டிஃபரென்ஷியலை (இன்ஜின் திறனை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) ஒட்டி வைத்திருந்தார்கள். வாக்கியம் இப்படி வரும்: ‘பின் பிரேக்குகளை உள்ளே தள்ளியதால் வில்லேறா நிறை குறைந்தது, ஆனால் பிரேக்கின் சூடு டிஃபரென்ஷியலைத் தாக்கியது, பழுதுபார்ப்பதும் கடினமானது.’ பொருள் தெளிவாக இருக்கிறது.

1996-இன் லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ, அதன் அலுமினியச் சட்டகம் 68 கிலோ. சட்டகம் வில்லேறிய நிறை. ஆனால் தொடக்கத்தில் வந்த எலீஸ்களில் பிரேக் தட்டுகளையும் அலுமினியக் கலப்புப் பொருளில் செய்திருந்தார்கள், பின்னர்தான் வார்ப்பிரும்புக்கு மாறினார்கள். மேலே இவ்வளவு குறைத்த பிறகு கீழேயும் ஏன் குறைக்க வேண்டும்? கட்டுரையில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். சவாரியையும் பிடிமானத்தையும் தீர்மானிப்பதில் இரண்டு நிறைகளுக்கும் இடையிலான விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே சக்கரங்களை 2,000 கிலோ காரிலும் 1,000 கிலோ காரிலும் மாட்டினால் லேசான கார்தான் அதிகம் தூக்கியடிக்கும். லேசான கார் செய்பவருக்கு வில்லேறா நிறையில் ஒவ்வொரு கிலோவும் பெரிய கிலோ.

2017-இன் ஆல்பைன் ஏ110 இதற்கு அழகான சான்று. 1,103 கிலோ, 252 குதிரைத்திறன். பின் காலிப்பரிலேயே கைபிரேக்கையும் சேர்த்து அமைத்ததில் மட்டும் 2.5 கிலோ மிச்சம். இருக்கை ஒன்று 13.1 கிலோ, அதிலும் நிறையக் குறைத்திருக்கிறார்கள். இரண்டும் சிக்கனம்தான், ஆனால் காலிப்பரில் குறைந்தது வில்லேறா நிறை, இருக்கையில் குறைந்தது வில்லேறிய நிறை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லாவிட்டால் இரண்டையும் ‘எடை குறைத்தார்கள்’ என்று ஒரே வரியில் கடந்துபோய்விடுவோம்.

கனமான கார்களில் ஒரு கனம் இன்னொரு கனத்தை இழுத்துக்கொண்டு வரும். எடை கூடினால் பெரிய பிரேக் வேண்டும், பெரிய பிரேக்கை உள்ளடக்கப் பெரிய ரிம், அதற்கேற்ற அகல டயர். முடிவில் வில்லேறா நிறையும் கூடிவிடும். அதிலிருந்து தப்பத்தான் கார்பன்-செராமிக் தட்டுகள் (இரும்பில் ஏறத்தாழப் பாதி எடை), மெக்னீசியம் ரிம்கள், கார்பன் இழை ரிம்கள். 2015-இல் அறிமுகமான ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர் காரில் கார்பன் ரிம் சராசரியாக 8 கிலோ. அதே அளவு அலுமினிய ரிம் 15 கிலோ. 2023-இன் போர்ஷே 911 எஸ்/டி காரில் மெக்னீசியம் ரிம்மும் செராமிக் பிரேக்கும் கூடுதல் விலைக்கான விருப்பங்கள் அல்ல, காரோடு வருபவை. 1,380 கிலோவில் 525 குதிரைத்திறன், அதாவது டன்னுக்கு 380. ஏ110-இல் அது 228 தான். விகிதத்தில் இவ்வளவு இடைவெளி இருந்தும் இரண்டையும் வடிவமைத்தவர்கள் ஒரே இடத்தில், சக்கரத்தில், கிராம் கிராமாகக் குறைத்திருக்கிறார்கள்.

மின்சாரக் கார்களுக்கும் சொல் பொருந்துகிறது. பேட்டரி எவ்வளவு கனமானாலும் அது வில்லேறிய நிறை. மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்தால் அது வில்லேறா நிறை. இரண்டும் ஒரே எடையில் இருந்தாலும் சாலையில் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். குறிப்பாக வண்டிப் பட்டறையில் ஏற்கெனவே வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதற்கே முன்னுரிமை தரலாம்.

அடுத்து ‘கெர்ப் வெயிட்’ பாக்கி இருக்கிறது. எண்ணெய், எரிபொருள் இல்லாத எடைக்கு ‘உலர் எடை’ சரி. எல்லாம் நிரப்பி ஓட்டத்துக்குத் தயாராக நிற்கும் எடைக்கு, அதாவது ‘கெர்ப் வெயிட்’டுக்கு, ‘ஆயத்த எடை’ என்று வைக்கலாமா? சிக்கல் என்னவென்றால் ஜெர்மானிய முறையில் அதில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை, ஐரோப்பிய ஒன்றிய முறையில் ஓட்டுநருக்கென 75 கிலோ சேரும். ‘ஆளில்லா ஆயத்த எடை’, ‘ஆளோடு ஆயத்த எடை’ என்று பிரிப்பதா, வேறு வழி உண்டா? உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.