மறு: சார்லி பார்க்கர் கட்டுரை – ‘கான்ட்ராஃபேக்ட்’டுக்கு ‘ஒட்டுமெட்டு’

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றிய நம் கட்டுரையில் ‘கான்ட்ராஃபேக்ட்’ (பழைய பாட்டின் அடிப்படைமேல் புது மெட்டு) வரும் இடங்களுக்கு எதிர்மெட்டு, வர்ணமெட்டு, போலிமெட்டு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு இடறுகின்றன.

எதிர்மெட்டு என்றால் ஒருவர் பாடியதற்கு இன்னொருவர் கொடுத்த பதிலடி என்று தோன்றும். பார்க்கர் யாருக்கும் பதிலடி கொடுக்கவில்லை. வர்ணமெட்டு நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் புழங்கிய நல்ல சொல்தான். ஆனால் அங்கே மெட்டு பழசு, வரிகள் புதுசு. பார்க்கர் போன்ற பீபாப் பாணி ஜாஸ்காரர்கள் செய்தது வேறு: பழைய பாட்டின் கார்ட் வரிசையை (மெட்டுக்கு அடியில் அடுத்தடுத்து வரும் சுரக்கூட்டுகளை) வைத்துக்கொண்டு மெட்டைக் கழற்றிவிட்டு, வேறு மெட்டைப் பொருத்தினார்கள்.

போலிமெட்டில் திருட்டு வாடை அடிக்கிறது. அமெரிக்காவில் பதிப்புரிமை மெட்டுக்கும் வரிகளுக்கும்தான். வெறும் கார்ட் வரிசைக்கு யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. மெட்டை மாற்றிவிட்டால் பழைய பாட்டை எழுதியவருக்கு உரிமத்தொகை போகாது. சின்ன ரெக்கார்டு கம்பெனிகளுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அதனால்தான் ஒட்டுமெட்டு என்கிறேன். ஒட்டு மாங்கன்றில் வேரும் அடித்தண்டும் ஒரு மரத்துடையவை, மேலே காய்ப்பது வேறு ரகம். 1946 மார்ச்சில் டயல் என்ற ரெக்கார்டு நிறுவனத்துக்காகப் பார்க்கர் பதிவு செய்த ‘ஆர்னிதாலஜி’யைக் கேட்டுப் பாருங்கள். அடியில் இருப்பது ‘ஹவ் ஹை த மூன்’ என்ற பிராட்வே பாட்டு. ஜி சுருதியில் தொடங்கி எஃப்-க்கு இறங்கி, அங்கிருந்து ஈ ஃபிளாட்டுக்கு இறங்கும் அதன் போக்கை பியானோவும் பாஸும் அப்படியே பிடித்துப் போகின்றன. மேலே ஓடுவதோ துள்ளித் துள்ளி வரும் முற்றிலும் வேறு மெட்டு. பழைய பாட்டு தெரிந்தவர்கூட முதல் தடவை அடையாளம் காணாமல் போகலாம்.

‘இரண்டு பாட்டிலிருந்து எடுத்தால் என்ன சொல்வது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் இந்தச் சொல் தாங்கும். 1947-இல் வந்த ‘ஸ்க்ராப்பிள் ஃப்ரம் தி ஆப்பிள்’ அப்படிப்பட்டதுதான்: முக்கியப் பகுதி ‘ஹனிசக்கிள் ரோஸ்’, நடுப்பகுதி கெர்ஷ்வினின் ‘ஐ காட் ரிதம்’. இரண்டு அடிமரம், ஒரே ஒட்டு.

ஆனால் ‘நவ்ஸ் த டைம்’, ‘பில்லீஸ் பௌன்ஸ்’ இரண்டையும் கட்டுரையில் உள்ள கான்ட்ராஃபேக்ட் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட ப்ளூஸ் வடிவம். அந்த வடிவம் எல்லோருக்கும் பொது, எந்த ஒரு பாட்டிலிருந்தும் கடன் வாங்கியதல்ல. ஆகவே நம் விளக்கம் இப்படி இருக்கட்டும்: ‘ஒட்டுமெட்டு – குறிப்பிட்ட ஒரு பாட்டின் அல்லது சில பாட்டுகளின் கார்ட் வரிசைமேல் புதிதாக இயற்றிய மெட்டு.’

அப்புறம், ‘டேக்’குக்கு (ஒரு பாட்டை ஒவ்வொரு தடவை வாசித்துப் பதிவதும் ஒரு டேக்) ‘எடுப்பு’ வேண்டாமே. தமிழிசையில் பல்லவியைத்தான் எடுப்பு என்கிறோம். சினிமாக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் ‘டேக்’ அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி ‘கோ-கோ’. கட்டுரையில் ஒட்டுமெட்டுக்கு முதல் உதாரணமே அதுதான். அங்கேதான் சிக்கல். 1945 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் சவாய் நிறுவனத்துக்காகப் பதிவானது. அடிப்படை ரே நோபலின் ‘செரோக்கி’. முதல் டேக்கில் முன்னிசை முடிந்ததும் ‘செரோக்கி’யின் மெட்டையே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், உடனே நிறுத்தப்படுகிறது. நிறுத்தியதற்குக் காரணமாகச் சொல்லப்படும் உரிமத்தொகைப் பேச்சு ஒரு பக்கம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதும் இருக்கிறது. வெளியான டேக்கில் மெட்டே கிடையாது. டிஸ்ஸி கில்லெஸ்பியின் ட்ரம்பெட்டும் பார்க்கரின் ஆல்ட்டோ சாக்ஸபோனும் ஓடும் முன்னிசை, அது முடிந்த கையோடு பார்க்கர் அந்த நேரத்துக் கற்பனை வாசிப்பில் இறங்கி ‘செரோக்கி’யை இரண்டு சுற்று சுற்றி வருகிறார். மூச்சுவிட நேரமில்லாத வேகம். பிறகு மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ், முன்னிசையை ஒட்டிய முடிவு, அவ்வளவுதான்.

பல ஆங்கில நூல்கள் இதையும் கான்ட்ராஃபேக்ட் கணக்கில்தான் சேர்க்கின்றன. என் பார்வையில், இயற்றிய மெட்டு இல்லாத இடத்தில் ஒட்டுமெட்டு என்று எழுதினால் வாசகர் இல்லாத ஒன்றைத் தேடுவார். முதல் உதாரணமாக ‘ஆர்னிதாலஜி’யை வையுங்கள். ‘கோ-கோ’வுக்கு ‘செரோக்கியின் கார்ட் வரிசைமேல் அமைந்த கற்பனை வாசிப்பு’ என்று தனி வரி போதும். ஆட்சேபம் இருப்பவர்கள் இரண்டு டேக்கையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.