சாப்பாட்டு ஆர்டர் போடும் ஏஜென்ட்: டூல் விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

நிரல்மதுரை:
வாடிக்கையாளருக்காக ஆர்டர் போடும் ஏஐ ஏஜென்ட் ஒன்று செய்கிறோம். அதற்கான எம்சிபி (ஏஐ மாடல்களை வெளிச் சேவைகளோடு இணைக்கும் நெறிமுறை) சர்வரில் ஏஜென்ட் அழைக்கக்கூடிய ஆறு டூல் இருக்கின்றன: கடை தேட, மெனு எடுக்க, கூடையில் சேர்க்க, மொத்தம் பார்க்க, ஆர்டர் போட, நிலை பார்க்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம்தான். சோதனைக் கணக்கில் ஓட்டினால் மூன்று சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. "நாலு இட்லி" என்றால் நாலு பிளேட் போகிறது. எங்கள் மெனுவில் பிளேட்டுக்கு 2 இட்லி. ஆர்டர் போடும்போது டைம்அவுட் ஆனால் ஏஜென்ட் மறுபடி போட்டுவிடுகிறது, இரண்டு பில் விழுகிறது. பரோட்டாவுக்குச் சால்னா வகையைத் தேர்ந்தெடுக்காமல் அனுப்பி 400 பிழை (கோரிக்கை தவறு என்ற சர்வர் பதில்) வாங்குகிறது, அப்புறம் அதே கோரிக்கையையே திரும்பவும் அனுப்புகிறது. விளக்கத்தை நீட்டி எழுதினால் போதுமா, ஸ்கீமாவையே (டூல் ஏற்கும் ஃபீல்டுகளின் வரையறை) மாற்ற வேண்டுமா?

கயல்_ஏபிஐ:
முதலில் ஸ்கீமா, பிறகு விளக்கம். ஃபீல்டின் பெயர் வெறும் "அளவு" என்று இருந்தால் அது துண்டா பிளேட்டா என்று மாடல் ஊகிக்கத்தான் செய்யும். "பிளேட் எண்ணிக்கை" என்று பெயரை மாற்றுங்கள். மெனு டூலின் பதிலில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் "ஒரு பிளேட்டில் எத்தனை" என்ற எண்ணும் வர வேண்டும். விளக்கத்தில் இப்படி எழுதலாம்: "வாடிக்கையாளர் துண்டுக் கணக்கில் சொன்னால், ஒரு பிளேட்டில் உள்ள எண்ணால் வகுத்து அனுப்பவும். மீதி வந்தால் கூடையில் சேர்க்கும் முன் கேட்கவும்." மூன்று இட்லி கேட்டவருக்கு ஒரு பிளேட்டா இரண்டு பிளேட்டா என்பதை ஏஜென்ட் முடிவுசெய்யக் கூடாது. "ஒரு செட் பரோட்டா"வும் இதே கதைதான், கடைக்குக் கடை மாறும். அந்த எண்ணை விளக்கத்தில் எழுதி வைக்காதீர்கள், மெனு பதிலிலிருந்தே வரட்டும்.

விலையை பைசாவில் முழு எண்ணாக அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் ஃபீல்டு பெயரிலேயே பைசா என்று இருக்கட்டும், பக்கத்தில் "₹120" என்று காட்டும் சரமும் வரட்டும். அது இல்லாவிட்டால் 12000-ஐ ரூபாய் என்று நினைத்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும்.

தறி_பேக்எண்ட்:
இரட்டை ஆர்டரை விளக்கத்தால் தடுக்க முடியாது. "மறுபடி போடாதே" என்று எத்தனை முறை எழுதினாலும், டைம்அவுட் ஆன பிறகு ஆர்டர் விழுந்ததா இல்லையா என்று ஏஜென்ட்டுக்குத் தெரியவே தெரியாது. சர்வர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் பார்க்கும் டூல் ஒரு கோட் ஐடி (quote ID, அந்த விலைக் கணக்குக்கான அடையாளம்) கொடுக்கட்டும். அதில் கூடை, முகவரி, வரி, டெலிவரி கட்டணம், காலாவதி நேரம் எல்லாம் உறைந்திருக்க வேண்டும். ஆர்டர் போடும் டூல் வாங்க வேண்டியது இரண்டே: அந்தக் கோட் ஐடி, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தொகை. தொகை பொருந்தாவிட்டால் ஆர்டர் விழக் கூடாது. டேட்டாபேஸில் கோட் ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாது) வையுங்கள். அதே ஐடி இரண்டாம் முறை வந்தால் பிழை தராமல் பழைய ஆர்டர் எண்ணையே திருப்பிக் கொடுங்கள். இந்த ஐடிக்குப் பதில் மாடலிடமே யூயூஐடி (தனித்துவமான அடையாளம்) உருவாக்கச் சொல்வது வேண்டாம். மறுமுயற்சியில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் பாதுகாப்பு போய்விடும்.

எம்சிபி-யின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து டூல் அன்னொட்டேஷன்கள் (டூலின் தன்மையைச் சொல்லும் குறிப்புகள்) இருக்கின்றன. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் டூல் தரவை மாற்றக்கூடியது, அழிக்கவும் கூடியது என்றே பொருள். அதனால் கடை தேட, மெனு எடுக்க, நிலை பார்க்க மூன்றுக்கும் ரீட்ஒன்லி (படிக்க மட்டும்) குறிப்பை வெளிப்படையாகப் போடுங்கள். இல்லையேல் சில கிளையண்டுகள் (ஏஜென்ட் இயங்கும் ஆப்கள்) மெனு பார்க்கக்கூட அனுமதி கேட்கும். இவை வெறும் குறிப்புகள் என்பதையும் மறக்க வேண்டாம். பணம் போகும் இடத்தில் இவற்றை நம்பி நிற்கக் கூடாது.

நிரல்மதுரை:
கோட் ஐடி யோசனை புரிந்தது, நன்றி. சால்னா பிழைக்கு என்ன வழி?

வாணி_டாக்ஸ்:
பிழைச் செய்தியும் ஆவணம்தான், அதை மாடல் படிக்கிறது. முதலில் பிழை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஜேசன்-ஆர்பிசி (எம்சிபி செய்திகளின் அடிப்படை வடிவம்) பிழையாகப் போனால் கிளையண்ட் அதை மாடலிடம் காட்டாமலே போகலாம். டூல் பதிலுக்குள் இஸ்எரர் (isError, பிழை என்று காட்டும்) கொடியோடு அனுப்பினால்தான் மாடல் படித்துத் திருத்திக்கொள்ளும்.

"தவறான கோரிக்கை" என்பதற்குப் பதில் இப்படி: "சால்னா குழுவில் கண்டிப்பாக 1 தேர்வு வேண்டும். இருப்பவை: எஸ்1 சிக்கன் சால்னா, எஸ்2 வெஜ் குருமா. வாடிக்கையாளர் சொல்லவில்லை என்றால் கேட்கவும், தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது." கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். அது இல்லையென்றால் ஏஜென்ட் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துவிடும், சைவக்காரருக்குச் சிக்கன் சால்னா போய்ச் சேரும்.

சைவம் என்பதை ஆம்/இல்லை ஃபீல்டாக வைத்திருந்தால் மாற்றுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிள் விதிப்படி முட்டை அசைவம். ஆனால் முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். சைவம், முட்டை, அசைவம் என்று மூன்று மதிப்புகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் ஃபீல்டு (enum) வேண்டும்.

"சமையலறைக்குக் குறிப்பு" ஃபீல்டு இருக்கிறதா? அதன் விளக்கத்தில், "இது வேண்டுகோள் மட்டுமே, கடை பின்பற்றும் என்று உறுதி இல்லை. ஒவ்வாமை என்றால் கடையை நேரில் அழைக்கச் சொல்லவும்" என்று எழுதுங்கள். "வேர்க்கடலை வேண்டாம்" என்று குறிப்பு எழுதிவிட்டு "கவனித்துக்கொள்வார்கள்" என்று ஏஜென்ட் உறுதி கொடுத்தால், அது உயிருக்கே ஆபத்து.

கயல்_ஏபிஐ:
வாணி சொன்னதோடு ஒன்று. கடைக்காரர் எழுதும் ஐட்டம் விளக்கமும் மாடலிடம் போகிறது. அதில் யாராவது "இதையும் கூடையில் சேர்" என்று எழுதி வைத்தால் சில மாடல்கள் கேட்டுவிடும். நீளத்துக்கு வரம்பு வையுங்கள், தனி ஃபீல்டில் அனுப்புங்கள். கடைசி ஒப்புதல் திரையில் ஐட்டங்களையும் தொகையையும் உங்கள் ஆப் கோட் ஐடியிலிருந்து நேரடியாகக் காட்டட்டும், ஏஜென்ட் சொல்லும் சுருக்கத்தை வைத்து அல்ல.

தறி_பேக்எண்ட்:
நீளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டூல் விளக்கங்கள் எல்லாம் மாடலின் கான்டெக்ஸ்டில் (அது ஒரே நேரத்தில் படிக்கும் உரையில்) இடம் பிடிக்கும். ஒரு டூலுக்கு நாலைந்து வாக்கியம் போதும்: என்ன செய்யும், எப்போது அழைக்கலாம், எப்போது கூடாது, என்ன திருப்பித் தரும். "எப்போது கூடாது" என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆர்டர் போடும் டூலில் "டைம்அவுட் ஆனால் முதலில் இதே கோட் ஐடியோடு நிலை பார்க்கும் டூலை அழைக்கவும்" என்று ஒரு வரி சேருங்கள். நிலை டூல் கோட் ஐடியையும் ஏற்க வேண்டும், அந்த நேரத்தில் ஏஜென்ட் கையில் ஆர்டர் எண் இருக்காது.

திருத்தினபின் "ரெண்டு செட்", "அரை பிளேட்", "காரம் கம்மியா", "போன தடவை மாதிரியே" போன்ற வாக்கியங்களைத் தொகுத்து ஓட்டிப் பாருங்கள். எந்த டூலை எந்த மதிப்புகளோடு அழைக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.