மகளுக்கு எழுதிக் கொடுத்த இருமல் மருந்தைக் குடிக்க விடலாமா? 18 நாள்ல தேசிய ஜூனியர் போட்டி

வணக்கம். என் மகளுக்கு 19 வயசு, 800 மீட்டர் ஓடுறா. நாலு நாளா விடாத இருமல், ராத்திரி தூக்கமே இல்லை. டாக்டர் ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். ஓடுற பொண்ணுன்னு நான் அவர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். இது போதாதுன்னு, கூடப் பயிற்சி பண்ற ஒரு பொண்ணு பவுடர் டப்பா கொடுத்திருக்கு. லேபிள் கிழிஞ்சு கிடக்கு. "குடிச்சா மூச்சு வாங்காது"ன்னு சொல்லுச்சாம். எனக்கு விவசாயம்தான் தெரியும். ரெண்டையும் கொடுக்கலாமா?

பதில் 1

சார், நான் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க. டெர்பியூட்டலின்னு இருந்தா கொடுக்காதீங்க, அது ஊக்கமருந்துப் பட்டியல்ல இருக்கு, போட்டி இல்லாத நாள்லயும் தடை. சால்பியூட்டமால் சிரப்பும் அப்படித்தான். இன்ஹேலர்ல மட்டும் அளவோட அனுமதி உண்டு. அம்ப்ராக்சால், குவைஃபெனெசின் மட்டும்னா பயமில்லை. கிரிக்கெட்ல யூசுப் பதானுக்கு 5 மாசம், 2019ல பிரித்வி ஷாவுக்கு 8 மாசம் தடை வந்தது இந்த டெர்பியூட்டலினாலதான். ரெண்டு பேரும் இருமல் மருந்துன்னுதான் சொன்னாங்க.

பதில் 2

அண்ணா, நான் 400 மீட்டர் ஓடினவ, இப்போ பி.இ.டி. டீச்சர். சிரப் விஷயம் அவர் சொன்னதே சரி. எனக்கு அந்த டப்பாதான் வயித்தைக் கலக்குது.

ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில் பொண்ணும் இப்படித்தான் ஒரு டப்பா வெச்சிருந்தா. எவர்சில்வர் டம்ளர்ல பால் ஊத்தி, ஸ்பூன்ல கலக்கி, தினமும் காலை அஞ்சு மணிக்குக் குடிப்பா. அந்த ஸ்பூன் சத்தத்துலதான் நான் முழிப்பேன். ஒரு மீட்ல பதக்கம் வாங்கினா, ஊக்கமருந்து சோதனைக்குச் சிறுநீர் மாதிரி எடுத்தாங்க. ஓடி முடிச்ச உடம்புல தண்ணியே இருக்காது. 90 மில்லி வர்ற வரைக்கும் சீல் வெச்ச பாட்டில் தண்ணியா குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஒரு பெண் அதிகாரி பக்கத்துலயே நின்னு பார்ப்பாங்க. கொஞ்ச நாள்ல லெட்டர் வந்தது. ஸ்டானசோலால்னு ஒரு ஸ்டீராய்டு. அந்தப் பேரை ரெண்டு பேரும் எழுத்துக் கூட்டித்தான் படிச்சோம். ரெண்டு வருஷம் தடை. தெரியாம குடிச்சேன்னு அவ அழுதது நிஜம். ஆனா உடம்புல என்ன இருந்தாலும் ஓடினவங்கதான் பொறுப்புன்னு விதி. கொடுத்தவங்களை யாரும் கேக்கலை. இதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்திரமா வருது.

2011ல நம்ம நாட்டு ரிலே பொண்ணுங்க ஊக்கமருந்து சோதனையில மாட்டினப்பவும் இதே கதைதான். கோச் கொடுத்த ஜின்செங் மூலிகை மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருந்ததுன்னு சொன்னாங்க. இங்கே ஒரு வருஷம்னு தீர்ப்பு வந்தது, விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரெண்டாக்கிடுச்சு. இப்போ ஸ்டீராய்டுக்குப் பொதுவா நாலு வருஷம். 19 வயசுப் பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காலம்!

அதனால லேபிள் இல்லாத டப்பாவை இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. "மூச்சு வாங்காது"ன்னு ஒருத்தர் சொன்னாலே அது வெறும் புரோட்டீன் இல்லை. முட்டை, கடலை, பால் போதும். டாக்டர்கிட்ட மறுபடி போய், "நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) பரிசோதனை இருக்கு"ன்னு சொல்லி வேற மருந்து கேளுங்க. ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்து, தடை உள்ள மருந்துதான் வேணும்னா, சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்க வழி இருக்கு. இதுவரைக்கும் என்ன குடிச்சாளோ, தேதியோட எழுதி வைங்க. பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க.

கேள்வி கேட்டவர்

பாட்டிலைப் பார்த்தேன். டெர்பியூட்டலின் 1.25 மி.கி.ன்னு போட்டிருக்கு. நேத்து ராத்திரி ஒரு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை குடிச்சிருக்கா. ரெண்டையும் நேரத்தோட நோட்டுல எழுதி, மருந்துச் சீட்டையும் அதுலயே வெச்சிருக்கேன். சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போறோம். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்னு மகள் தயங்குறா. நானே போய்க் கொடுத்துட்டு வர்றேன் டீச்சரம்மா.