எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹோஸ் ஜாயிண்ட் விட்டுப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

அம்பத்தூர் ஃபிட்டர்:
ஏழு வருஷமாச்சு, இன்னும் மனசை உறுத்துது. 40 பார் அழுத்தத்துல ஓடுற லைன், அதனால ஒண்ணரை மடங்கா 60 பாருக்குத் தண்ணி டெஸ்ட். ஹேண்ட் பம்ப்பை நான்தான் அடிச்சேன். 50 தாண்டினதும், முனை வளையமான காலர் ஓரத்துல, ஹோஸ் மேல பின்னியிருக்கிற பிரெய்டு கம்பி ஒண்ணு 'டிக்'குனு அறுந்துச்சு. அப்புறம் ரெண்டு, மூணு. கையை எடுக்கறதுக்குள்ள பிரெய்டு மொத்தமா காலரை விட்டு உருவிக்கிச்சு. உள்ள இருந்த நெளிவு பைப் கண்ணெதிர்ல ஒரு சாண் நீண்டுபோச்சு. தண்ணிங்கறதால தப்பிச்சோம், காத்து அடைச்சிருந்தா ஆளே போயிருப்பான். அறுத்துப் பார்த்தா வெல்டு பாதிக் கம்பியைத்தான் பிடிச்சிருக்கு.

மணலி வெல்டர்:
எதுக்கெடுத்தாலும் வெல்டர் மேலயே பழி. கம்பியைக் காலரோட ஒட்ட வெட்டி, முனையில ஒரு சுத்து வெல்டு ஓட்டி எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு, அப்புறம்தான் லைனோட இணைக்கிற ஃபிட்டிங்கை வைக்கணும். அதுக்கு நேரம் தந்தீங்களா அண்ணே? நான் பார்த்த கேஸ்ல வெல்டு முத்து முத்தா இருந்துச்சு. மாட்டினவர் ஒத்தை ஸ்பானர் போட்டு இறுக்கி, ஹோஸையே முறுக்கிட்டார். வளைச்சா தாங்கும், முறுக்கினா தாங்காது. மூணாம் நாள் காலர்கிட்ட கசிவு. அன்னையிலிருந்து ஹோஸ் நீளத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டுட்டுத்தான் மாட்டுறேன். கோடு சுத்திக்கிச்சுன்னா கழட்டி மறுபடி மாட்டணும்.

எண்ணூர் மெயின்டனன்ஸ்:
எங்க பக்கம் உப்புக்காத்து. 304 ரக ஸ்டெயின்லெஸ் பிரெய்டுல காலர் ஓரமா பழுப்புப் புள்ளி விழுந்துச்சு, நகத்தால சுரண்டினா கம்பி உதிருது. உப்பை இன்னும் நல்லாத் தாங்குற 316எல் ரகத்துக்கு மாத்திட்டோம்.

கிண்டி சூப்பர்வைசர்:
எனக்கு ஒரே ஒரு தடவைதான் கசிவு வந்திருக்கு. ஆனா எல்லாரும் ஒண்ணு கவனிங்க. அழுத்தத்துல ஹோஸ் நீளாம இழுத்துப் பிடிக்கிறது மேல இருக்கிற பிரெய்டு. உள்ள இருக்கிற நெளிவு பைப் கசியாம பார்த்துக்கும். ரெண்டாவது பிரெய்டு போட்டா பலம் கூடும், இரட்டிப்பாகாது. காலரும் அதுக்கேத்த அளவுல இருக்கணும், பழைய காலருக்குள்ள ரெண்டு அடுக்கைத் திணிக்காதீங்க. ஐ.எஸ்.ஓ. 10380-ங்கற சர்வதேச தர விதிப்படி ஹோஸ் வெடிக்கிற அழுத்தம் வேலை அழுத்தத்தைப் போல 4 மடங்காவது இருக்கணும். 60 எட்டறதுக்குள்ளயே உருவிக்கிச்சுன்னா ஜாயிண்ட் அடியோட தப்பு. சூடான லைன்னா ஹோஸோட அழுத்த ரேட்டிங்கைக் குறைச்சுத்தான் எடுக்கணும். ஹோஸ் முறுக்கிக்காம மாட்ட, ஒரு முனையில யூனியன் (தனியா சுத்துற நட்டு உள்ள இணைப்பு) வைங்க. ஃபிட்டிங்கை ஒட்டினாப்புல வளைக்காதீங்க, கொஞ்ச தூரம் நேரா விட்டு அப்புறம் வளைங்க.

அம்பத்தூர் ஃபிட்டர்:
மணலித் தம்பி, நீங்க கேட்டது நியாயம். 'லாரி நிக்குது, ஒரே சுத்துல முடிப்பா'ன்னு அன்னைக்கு வெல்டு வச்ச பையனை அவசரப்படுத்தினது நான்தான்.