சிவப்புக்கீரையின்ர சிவப்பு வடிதாளில ஏன் ஏறுதில்லை?

மல்லாவிப்பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஏஎல் பயோ படிக்கிறன். செயற்றிட்டத்துக்கு இலையில இருக்கிற நிறப்பொருள் பிரிக்கிற குரோமட்டோகிராபி எடுத்திருக்கிறன். வல்லாரையை அசற்றோன் விட்டு அரைச்சு, வடிதாள் துண்டில பென்சில் கோட்டில பொட்டு வைச்சு, பெற்றோலியம் ஈதர் ஒன்பது பங்கு அசற்றோன் ஒரு பங்கு கலந்து போத்தலுக்க விட்டனான். சோக்கா வந்தது. ஆக மேல தோடம்பழக் கலர்ல கரோட்டின், பேந்து சாந்தோபில் மஞ்சள், அதுக்குக் கீழ நீலம் கலந்த பச்சை, கடைசியா மஞ்சள் கலந்த பச்சை. சரி எண்டு சிவப்புக்கீரையையும் அப்பிடியே செய்தன், அதே நாலு கலரும் ஏறுது, ஆனா அந்தச் சிவப்பு மட்டும் வைச்ச கோட்டிலயே குந்திக்கொண்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியிறதே அதுதானே, அது ஏன் அசையுதில்லை? சிவப்பும் ஒருவகைப் பச்சையமோ? என்னோட படிக்கிறவன் அந்தோசயனின் (பூ, பழங்களில வாற சிவப்பு, ஊதா நிறப்பொருள்) எண்டு எழுதிவிடு எண்டுறான். லாப்பில பெரிசா சாமான் இல்லை, வீட்டில பாக்கக்கூடிய மாதிரி ஏதும் இருந்தா சொல்லுங்கோ.

விசுவமடுக்கீரை:
தம்பி எனக்கு உங்கட கெமிஸ்ட்ரி தெரியாது, நான் கீரை போட்டு விக்கிற ஆள். சிவப்புக்கீரையை அவிச்சா தண்ணி சிவந்துபோம், இலை பச்சையாத் தெரியும். எந்த வீட்டில கேட்டாலும் சொல்லுவினம். கீரை பிடுங்கேக்க கையில பிடிக்கிற சிவப்பு தண்ணியில கழுவப் போயிடும், ஆனா பச்சை இலைக்கறை சட்டையில பட்டா லேசில போகாது. அதில ஏதோ இருக்கு.

பழையலாப்காரன்:
அக்கா சொன்னதிலயே பாதி விடை இருக்கு. பச்சையத்துக்கு நடுவில ஒரு மகனீசியம், சுத்திவர நாலு நைதரசன், அந்த வளையத்தில இருந்து 20 காபன் நீளத்துக்கு பைற்றோல் வால் ஒண்டு தொங்குது. அந்த வாலாலதான் அது தண்ணியோட சேராது, அசற்றோன், ஈதர் மாதிரிக் கரைப்பான்களோட சேரும். கரோட்டினும் அப்பிடித்தான், அதுதான் எல்லாத்துக்கும் முன்னால ஓடுது. சிவப்பு இதுக்கு நேர்மாறு. அது பச்சையம் இருக்கிற பச்சையவுருமணிக்குள்ள இல்லை, கலத்தின்ர புன்வெற்றிடத்தில, அதாவது கலத்துக்குள்ள சாறு நிக்கிற பையில, தண்ணியில கரைஞ்சு கிடக்கிற சாமான். நீர் போட்டது முக்கால்வாசிக்கு மேல பெற்றோலியம் ஈதர், அதில அது கரையாது, கரையாதது எப்பிடி ஏறும்? வேற துண்டில அதே பொட்டை வைச்சுத் தனித் தண்ணியில விட்டுப் பாரும், இப்ப சிவப்பு ஓடும், பச்சை நிண்ட இடத்தில நிக்கும்.

ஆனா கவனம், இதை வைச்சு அந்தோசயனின் எண்டு எழுதாதையும். அந்தோசயனினும் தண்ணியில கரையிறதுதான், அதுவும் ஈதர்ல ஏறாது, அதால உம்மட துண்டு ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது. கீரைச் சிவப்பு பீற்றாலெயின் எண்ட வேற குடும்பம். பீற்றூட், நாகதாளிப் பழம், போகன்வில்லா எல்லாத்திலயும் இருக்கிறது அதுதான். அந்தோசயனின்ல நைதரசன் இல்லை, இதில இருக்கு. முந்தி இதையும் நைதரசன் உள்ள அந்தோசயனின் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தவை, 1960களிலதான் அமைப்புத் தெளிவாகி 1968ல தனிப்பேர் வந்தது. இன்னொரு புதினம், ஒரே தாவரத்தில இயற்கையா ரெண்டும் சேர்ந்து இருந்ததாக் காணேல்லை. ஏன் எண்டதுக்கு இன்னும் சரியான விடை இல்லை, எனக்கு இதில பிடிச்சதே அந்த இடம்தான்.

வீட்டில செய்யிறதுக்கு: சிவப்புக்கீரையைக் கசக்கிப் பச்சைத்தண்ணியில ஊறவிடும் (அவிக்காதையும், சூட்டுக்குப் பீற்றாலெயின் மங்கிப்போம்). இன்னொரு கோப்பையில சிவப்புச் செவ்வரத்தம்பூச் சாறு. ரெண்டுக்கும் கொஞ்சம் அப்பச்சோடா போடும். செவ்வரத்தை நீலமாவோ பச்சையாவோ மாறும், அது அந்தோசயனின். கீரை பெரிசா மாறாது. பேந்து வெத்திலைச் சுண்ணாம்பு கரைச்ச தெளிஞ்ச தண்ணியைக் கீரைக்கு விட்டா மஞ்சளாகும்.

மல்லாவிப்பெடியன்:
அண்ணை பெரிய நன்றி. அப்ப சிவப்புக்கீரையில இருக்கிற பச்சையமும் வல்லாரையில இருக்கிறதும் ஒண்டுதானோ, இல்லாட்டி ஒவ்வொண்டுக்கும் வேறயோ?

பழையலாப்காரன்:
ஒண்டுதான். இதைத்தான் வில்ஸ்ராற்றர் எண்ட ஜேர்மன் இரசாயனவியலாளர் சுவிற்சர்லாந்தின்ர சூரிச்சில 200க்கு மேல வேற வேற தாவரங்களை எடுத்துப் பாத்து, எல்லாத்திலயும் அதே பச்சையம் ஏ (உம்மட துண்டில வந்த நீலப்பச்சை), பச்சையம் பி (மஞ்சள்பச்சை) ரெண்டும்தான் எண்டு காட்டினவர், 1915 நோபல் பரிசு தாவர நிறப்பொருள் ஆய்வுக்குத்தான். உம்மட வேலையின்ர தாத்தா ஆர் எண்டா சுவெற் எண்ட ரஷ்யத் தாவரவியலாளர். வார்சோவில இருந்துகொண்டு கண்ணாடிக் குழாய்க்குள்ள சோக்குத்தூளை இறுக்கி இலைச்சாறை ஊத்தி நிறங்களைப் பட்டி பட்டியாப் பிரிச்சவர், 1906ல எழுதி குரோமட்டோகிராபி எண்டு பேரும் அவர்தான் வைச்சது. அந்த நேரம் கனபேர் கவனிக்கேல்லை, 1930களில திரும்ப எடுத்தாப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவினது. அறிமுகத்தில ரெண்டு வரி எழுதும்.

முரசுமோட்டைவயல்:
இடையில வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. காலபோகப் பயிர் மஞ்சளடிச்சா எல்லாரும் யூரியாவைப் போடு எண்டுதான் சொல்லுவினம். பச்சையம் குறைஞ்சா எப்பவும் யூரியாதானோ?

பழையலாப்காரன்:
எப்பவும் இல்லை அண்ணை. எந்த இலை முதல் மஞ்சளாகுது எண்டு பாருங்கோ. நைதரசன் குறைஞ்சா பயிர் பழைய இலையில இருக்கிறதை எடுத்து இளசுக்குக் குடுக்கும், அதால அடியிலை முந்தி மஞ்சளாகும். இரும்போ கந்தகமோ குறைஞ்சா அதுகள் அப்பிடி இடம்மாறாது, குருத்துப் பக்கம்தான் முதல் வெளிறும். குருத்து வெளிறேக்க யூரியாவை மட்டும் போட்டா காசுதான் கரையும். நெல்லுக்கு இலைநிற அட்டை எண்டு பச்சைப் படி படியா இருக்கிற ஒண்டு வரும், விவசாயப் போதனாசிரியரிட்டக் கேட்டுப் பாருங்கோ.

மல்லாவிப்பெடியன்:
செய்தன்! செவ்வரத்தை பச்சையாப் போச்சு, கீரை அப்பிடியே இருக்கு, சுண்ணாம்புத் தண்ணி விட மஞ்சள். அம்மா சட்டி எல்லாம் நாறுது எண்டு பேசுறா. வடிதாளில என்ன அளவு எழுதவேணும்?

பழையலாப்காரன்:
பொட்டு வைச்ச கோட்டில இருந்து நிறம் போன தூரத்தைக் கரைப்பான் போன தூரத்தால வகுத்து எழுதும், சிவப்புக்கு பூச்சியம். கரைப்பான் போன எல்லையை காய முதல் பென்சிலால கீறிப்போடும், பேந்து தெரியாது. துண்டை வெய்யிலில வைக்காதையும், வெளிச்சத்துக்குக் கெதியா வெளிறிப்போம், அண்டைக்கே படம் எடுத்து வையும். அசற்றோனும் ஈதரும் கிட்ட இருக்கேக்க குசினிப் பக்கம் போகாதையும், டக்கெண்டு பத்தும்.